தோரின் சுத்தியலை யார் வேண்டுமானாலும் தூக்கலாம்

ஒருநாள் காலை இடிக்கடவுள் தோர் கண்விழித்துப் பார்க்கிறான், சுத்தியலைக் காணோம். தலையை உலுக்கிக்கொண்டு சுற்றும் முற்றும் தடவிப் பார்க்கிறான். எங்கும் இல்லை. திரிம் என்ற அரக்கர் தலைவன் அதைத் திருடிக் கொண்டுபோய் பூமிக்கு அடியில் எட்டுக் காதம் ஆழத்தில் புதைத்துவிட்டான். ஃப்ரேயா தேவியைக் கட்டிக் கொடுத்தால்தான் திருப்பித் தருவேன் என்கிறான். ஃப்ரேயா சீறிய சீற்றத்தில் அவள் கழுத்து ஆரமே அறுந்து விழுகிறது. வேறு வழியில்லாமல் தோருக்கே மணப்பெண் வேடம் போட்டு, முகத்திரை மாட்டி, தந்திரக்காரன் லோக்கியைத் தோழியாக்கி அனுப்பிவைக்கிறார்கள். கல்யாண விருந்தில் மணப்பெண் ஒரு முழு எருதையும் எட்டு சால்மன் மீன்களையும் தின்றுவிட்டு மூன்று பீப்பாய் மதுவைக் குடிக்கிறாள். மாப்பிள்ளை மிரண்டுபோக, "உங்களைப் பார்க்கும் ஆசையில் எட்டு நாளாகச் சாப்பிடவே இல்லை" என்று லோக்கி சமாளிக்கிறான். சடங்குக்காகச் சுத்தியலைக் கொண்டுவந்து மணப்பெண்ணின் மடியில் வைக்கிறார்கள். அப்புறம் நடந்ததைச் சொல்லவா வேண்டும்? அந்த வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை.

ஐஸ்லாந்தில் எழுதிவைக்கப்பட்ட பழம்பாடல் ஒன்றின் கதை இது. மார்வல் காமிக்ஸ் வழியாகவோ தமிழில் டப் செய்த படங்கள் வழியாகவோ தோரைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு விஷயம் உடனே உறுத்தும். தகுதியுள்ளவர் மட்டுமே தூக்கக்கூடிய அந்தச் சுத்தியலை ஓர் அரக்கன் எப்படித் திருடினான்?

மூலத்தில் அப்படி ஒரு விதியே கிடையாது. மியோல்னிர் என்ற அந்தச் சுத்தியல் எறிந்தால் குறி தப்பாது, எறிந்தவன் கைக்கே திரும்பி வரும். அதைப் பிடிக்கத் தோருக்கு இரும்புக் கையுறை வேண்டும், பலத்தை இரட்டிப்பாக்க ஓர் இடுப்புக் கச்சையும் உண்டு. ஒழுக்கமோ நற்குணமோ யாரும் கேட்கவில்லை. கைப்பிடி சற்றுக் குட்டை, அதற்குக் காரணமும் லோக்கிதான். குள்ளர்கள் உலையில் அதை வார்த்துக்கொண்டிருந்தபோது ஈ உருவத்தில் வந்து துருத்தி ஊதியவனின் இமையைக் கடித்துவிட்டான். ஆக, வடக்கத்தியப் புராணத்தில் சுத்தியல் ஓர் ஆயுதம், அவ்வளவுதான். அதை ஒரு தேர்வாக மாற்றியது 1962ஆம் ஆண்டு நியூயார்க்கில் உட்கார்ந்து காமிக்ஸ் போட்டவர்கள்.

அவர்கள் அப்படிச் செய்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் பிடிபட்டால் தோர் காமிக்ஸ் தொடர் முழுவதும் பிடிபட்டுவிடும்.

முதலில் புராணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். நார்வே, ஸ்வீடன், டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய நாடுகளில் கிறிஸ்தவம் வருவதற்கு முன்பு மக்கள் வணங்கிய கடவுளரின் கதைகளைத்தான் நார்ஸ் புராணம் என்கிறோம். நாம் இன்று படிக்கும் கதைகளில் பெரும்பாலானவை இரண்டே நூல்களில் இருக்கின்றன. ஒன்று, பாடல்களின் தொகுப்பு. அதன் முக்கியமான தோல் ஏடு 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்டது. 1662இல் டென்மார்க் அரசருக்குப் பரிசாகப் போன அந்த ஏடு 1971இல்தான் ஐஸ்லாந்துக்குத் திரும்பி வந்தது. மற்றொன்று, ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்ற ஐஸ்லாந்துக் கவிஞரும் அரசியல்வாதியுமானவர் 1220 வாக்கில் எழுதிய உரைநடை நூல். இரண்டையும் எட்டா என்றே அழைக்கிறார்கள்.

ஸ்னோரி கிறிஸ்தவர். ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறி இரு நூறு ஆண்டுகள் ஆன பிறகுதான் அவர் எழுத உட்கார்ந்தார். பழைய கவிதைகளில் வரும் உருவகங்கள் இளைய கவிஞர்களுக்குப் புரியாமல் போய்விடுமே என்பது அவருடைய கவலை. எனவே நம்பிக்கையின் சாட்சியமாக மட்டும் அதைப் படிக்க முடியாது. அதில் ஓர் இலக்கியவாதியின் கைவண்ணமும் இருக்கிறது. புராணத்தைத் தன் காலத்துக்கு ஏற்ப மாற்றிச் சொன்ன முதல் ஆள் காமிக்ஸ்காரன் இல்லை என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

தோர் மக்களிடம் எவ்வளவு நெருக்கமாக இருந்தான் என்பதற்கு ஏடுகளைவிட மண்ணில் கிடைத்தவை நல்ல சாட்சி. குட்டிச் சுத்தியல் வடிவப் பதக்கங்கள் ஸ்காண்டிநேவியா முழுவதும் தோண்டி எடுக்கப்பட்டுள்ளன. டென்மார்க்கில் கிடைத்த 10ஆம் நூற்றாண்டு வார்ப்பு அச்சு ஒன்றில் சிலுவைக்கும் குழி இருக்கிறது, தோரின் சுத்தியலுக்கும் குழி இருக்கிறது. வருகிற வாடிக்கையாளர் எந்தக் கடவுளைக் கும்பிட்டாலும் கொல்லருக்குக் கல்லா நிறைய வேண்டும், இல்லையா!

சரி, 1962க்கு வருவோம். மார்வல் அப்போதுதான் சூப்பர்ஹீரோக்களில் காலூன்றிக்கொண்டிருந்தது. ஸ்டான் லீ கதைக்கரு தர, அவருடைய தம்பி லாரி லீபர் வசனம் எழுத, ஜாக் கிர்பி வரைந்த தோர், ஆகஸ்ட் 1962 தேதியிட்ட 'ஜர்னி இன்டு மிஸ்டரி' 83ஆவது இதழில் அறிமுகமானான். ஸ்பைடர்மேன் அறிமுகமானதும் அதே ஆகஸ்ட் தேதியிட்ட இன்னோர் இதழில்தான். கிர்பிக்கு இந்தப் புராணம் புதிதல்ல. 1957இலேயே வேறொரு நிறுவனத்துக்காகத் தோரின் சுத்தியலை வைத்து ஒரு சிறு காமிக்ஸ் கதை வரைந்திருக்கிறார்.

முதல் கதை எளிமையானது. டொனால்ட் பிளேக் என்ற அமெரிக்க மருத்துவர், கால் ஊனமுற்றவர், விடுமுறைக்கு நார்வே போகிறார். சனி கிரகத்திலிருந்து வந்த கல் மனிதர்கள் துரத்த, ஒரு குகைக்குள் ஒளிகிறார். அங்கே ஒரு பழைய கைத்தடி கிடைக்கிறது. அதைப் பாறையில் ஓங்கி அடித்ததும் தடி சுத்தியலாகிறது, அவர் தோர் ஆகிறார். தகுதியுள்ளவன் இதை ஏந்தினால் தோரின் ஆற்றலைப் பெறுவான் என்று சுத்தியலில் எழுதியிருக்கிறது. 60 விநாடிகளுக்கு மேல் அது கையைவிட்டுப் போனால் மறுபடியும் நொண்டி மருத்துவர்தான்.

இந்தக் கதையில் புராணம் எவ்வளவு இருக்கிறது? பெயரும் சுத்தியலும் இடியும் மட்டும்தான். மற்றதெல்லாம் சூப்பர்ஹீரோ கதையின் இலக்கணம். அந்த வகைக் கதைக்கு ஒரு மறைமுக அடையாளம் வேண்டும், அந்த அடையாளத்தில் ஒரு பலவீனம் வேண்டும், அதிகாரத்தைக் கட்டுப்படுத்த ஒரு நிபந்தனை வேண்டும். கடவுளுக்கு இவை எதுவும் இருக்காது. கடவுளை வைத்து மாதாமாதம் பதற்றம் உண்டாக்குவதும் கஷ்டம், அவர் தோற்கப் போவதில்லையே. கைத்தடியும் 60 விநாடியும் தகுதி விதியும் அந்தச் சிக்கலுக்குக் கண்டுபிடித்த மருந்து. 1968இல் 159ஆவது இதழில் இதற்கெல்லாம் ஒரு விளக்கமும் தந்தார்கள். பிளேக் என்று தனி மனிதன் ஒருவன் இருந்ததே இல்லை. மகனின் ஆணவத்தை அடக்கப் பணிவு கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தோரின் தந்தையும் கடவுளரின் தலைவருமான ஓடின்தான் அப்படி ஒரு மனித வாழ்க்கையைத் தோருக்குக் கொடுத்திருக்கிறார்.

புராணத் தோருக்கு இந்தப் பாடமெல்லாம் ஒத்துவராது. சிவப்புத் தாடி, அடங்காத பசி, பொசுக்கென்று வரும் கோபம். இரண்டு ஆடுகள் இழுக்கும் வண்டியில் போவான். இரவானால் அந்த ஆடுகளையே வெட்டிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, எலும்புகளைத் தோல்மேல் போட்டு வைத்துக் காலையில் சுத்தியலால் உயிர்ப்பித்துக்கொள்வான். காமிக்ஸ் தோர் மழுங்கச் சிரைத்த முகம், பொன்னிறக் கூந்தல், சிவப்பு மேலங்கி. எனக்கு இரண்டில் யாரோடு விருந்துக்குப் போக விருப்பம் என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன்.

உறவுமுறைகளிலும் கைவைத்திருக்கிறார்கள். காமிக்ஸில் லோக்கி ஓடினின் வளர்ப்பு மகன், தோரின் பொறாமைபிடித்த தம்பி. புராணத்தில் அவன் ஓடினோடு இரத்தம் கலந்து சகோதரனானவன், முறைப்படி பார்த்தால் தோருக்குச் சித்தப்பா போல. லாவ்பே என்பது மூலத்தில் லோக்கியின் தாய். காமிக்ஸில் அதே பெயர் பனி அரக்கர்களின் அரசனான தகப்பனுக்குப் போய்விட்டது. பாதாள அரசி ஹெல் மூலத்தில் லோக்கி பெற்ற மகள். தோரின் கூட்டாளிகளாக வரும் வோல்ஸ்டாக், ஃபாண்ட்ரல், ஹோகன் மூவரும் எந்த ஏட்டிலும் இல்லை, 1965இல் லீயும் கிர்பியும் உருவாக்கியவர்கள்.

இதையெல்லாம் தப்பு என்று பட்டியல் போட்டு மகிழ்பவர்கள் உண்டு. எனக்கு அது வீண்வேலையாகப் படுகிறது. கடவுளர் வாழும் அஸ்கார்டைக் கிர்பி எப்படி வரைந்திருக்கிறார் என்று பாருங்கள். மரமும் புல்கூரையுமாக இருந்திருக்க வேண்டிய வைக்கிங் காலத்து மண்டபங்களுக்குப் பதிலாக, விண்வெளியில் மிதக்கும் உலோகக் கோபுரங்கள், இயந்திரம் போன்ற கவசங்கள், கொம்பு முளைத்த தலைக்கவசங்கள். தொல்லியல்படி ஒன்றுகூடச் சரியில்லை. ஆனால் மனிதனுக்கு எட்டாத பிரம்மாண்டம் என்ற உணர்வு அந்தப் பக்கங்களில் இருக்கிறது. 1963இலிருந்து இதழின் பின்பக்கங்களில் 'அஸ்கார்ட் கதைகள்' என்று ஒரு துணைத்தொடரும் வந்தது. ஆதி அரக்கன் யிமிரில் தொடங்கி மூலக் கதைகளை ஓரளவு நேராகவே சொன்னது அது. போகப்போக அந்தப் பின்பக்கங்களின் தொனிதான் முன்பக்கங்களையும் பிடித்துக்கொண்டது. 1966இல் 126ஆவது இதழோடு பத்திரிகையின் பெயரே தோர் என்று மாறியது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். நார்ஸ் புராணத்தில் கடவுளர் சாகிறார்கள். சாகப்போவது அவர்களுக்கே தெரியும். யார், எங்கே, யார் கையால் என்பது வரை தெரியும். அந்த முடிவுக்கு ராக்னராக் என்று பெயர்.

பழம்பாடலில் ஒரு குறிசொல்லும் பெண் ஓடினிடம் இதை விவரிக்கிறாள். ஸ்னோரி அதை விரித்து எழுதுகிறார். முதலில் கோடையே இல்லாமல் மூன்று குளிர்காலங்கள் தொடர்ந்து வரும். அண்ணன் தம்பி ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வார்கள். ஓநாய் சூரியனை விழுங்கும். கட்டிவைத்திருந்த ஃபென்ரிர் என்ற பெரிய ஓநாய் தளையை அறுத்துக்கொள்ளும். உலகைச் சுற்றிக் கடலில் கிடக்கும் யோர்முன்காண்ட் என்ற பாம்பு கரையேறும். செத்தவர்களின் நகங்களால் கட்டிய நாக்ல்ஃபார் என்ற கப்பல் மிதக்கத் தொடங்கும். (இதனால்தான் ஒருவர் இறந்தால் நகத்தை வெட்டிவிட்டே அனுப்ப வேண்டும், கப்பல் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்கிறார் ஸ்னோரி.) தெற்கிலிருந்து சுர்ட் என்பவன் எரியும் வாளோடு வருவான். காவல்காரன் ஹெய்ம்டால் கொம்பை ஊதுவான்.

போரில் ஓடினை ஓநாய் விழுங்கிவிடும். ஃப்ரெய் என்ற கடவுள் தன் வாளை முன்பே காதலுக்காகக் கொடுத்துவிட்டவன், சரியான ஆயுதமில்லாமல் சுர்ட்டிடம் சாவான். அரக்கர்களின் பக்கம் நிற்கும் லோக்கியும் ஹெய்ம்டாலும் ஒருவரையொருவர் கொன்றுகொள்வார்கள். தோர் பாம்பைக் கொல்வான். கொன்றுவிட்டு ஒன்பது அடி நடப்பான், பாம்பு கக்கிய விஷத்தில் விழுந்து சாவான். பிறகு சுர்ட் எல்லாவற்றையும் கொளுத்துவான், நிலம் கடலில் மூழ்கும்.

அது முழுச் சூனியமும் இல்லை. பச்சையாக ஒரு புது நிலம் கடலிலிருந்து எழும். மரத்துக்குள் ஒளிந்திருந்த ஓர் ஆணும் பெண்ணும் பிழைத்திருப்பார்கள். கடவுளரின் பிள்ளைகள் சிலர் மிஞ்சுவார்கள், சுத்தியல் தோரின் மகன்களுக்குப் போகும். ஆனால் தோர் திரும்பி வருவதில்லை. ஓடின் திரும்பி வருவதில்லை. தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும் ஓடின் போருக்கு வீரர்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறானே, இந்தப் புராணத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மாதப் பத்திரிகை நடத்துபவனுக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது. மெகா சீரியலில் கதாநாயகியைக் கொன்றுவிட்டு மறுநாள் எதை ஒளிபரப்புவார்கள்? தோர் செத்தால் அடுத்த மாதம் இதழ் இல்லை. ராக்னராக்கைத் தொடாமலும் இருக்க முடியாது, கதையில் இருப்பதிலேயே பெரிய சம்பவம் அது. எனவே இந்தத் தொடரின் எழுத்தாளர்கள் ஒவ்வொருவரும் முடிவைக் கண்ணில் காட்டிவிட்டுக் கடைசி நொடியில் ஒதுங்கிப்போக ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தோர் காமிக்ஸைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான், இந்த முறை எப்படித் தப்பித்தார்கள்?

அதில் ஆகச் சிறப்பாகச் செய்தவர் வால்ட் சைமன்சன். 1983 நவம்பர் தேதியிட்ட 337ஆவது இதழில் எழுத்து, ஓவியம் இரண்டையும் கையில் எடுத்தார். எடுத்த எடுப்பிலேயே தகுதி விதியை உடைத்தார். குதிரை முகமும் விகாரமான உடலும் கொண்ட பீட்டா ரே பில் என்ற வேற்றுக் கிரகவாசி, பிளேக்கின் கைத்தடியை எடுத்து அடிக்க, தோரின் ஆற்றல் அவனுக்குப் போய்விடுகிறது. வில்லன் இல்லை, தன் இனத்தைக் காப்பாற்ற உடலையே மாற்றிக்கொண்டவன். அதுவரை தகுதியுள்ளவன் என்று சுத்தியலில் எழுதியிருந்த சொற்றொடர் தோர் ஒருவனுக்கான அலங்காரமாக இருந்தது. அன்றிலிருந்துதான் தகுதி என்பது உண்மையான கேள்வியாக மாறியது. பின்னாளில் கேப்டன் அமெரிக்கா சுத்தியலைத் தூக்கியதும், 2014இல் புற்றுநோயோடு போராடும் ஜேன் ஃபாஸ்டர் என்ற தோரின் பழைய காதலியே தோர் ஆனதும் இந்த வாசல் வழியாக வந்தவைதான். ஜேன் ஒவ்வொரு முறை தோராக மாறும்போதும் அவள் உடம்பில் ஏறிய கீமோதெரபி மருந்து வெளியேறிவிடும், மனிதப் பெண்ணாக அவள் மெலிந்துகொண்டே போவாள். 1962இல் வசதிக்காகப் போட்ட ஒரு விதியிலிருந்து இவ்வளவு கறக்க முடியும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

அதே 337ஆவது இதழின் முதல் பக்கங்களில் யாரோ ஒருவன் எங்கோ இருட்டில் வாள் அடிக்கிறான். முகம் தெரியாது, சம்மட்டிச் சத்தம் மட்டும் பக்கம் முழுக்கப் பெரிய எழுத்தில். மாதக்கணக்கில் அந்தச் சத்தம் இடையிடையே வந்துகொண்டே இருக்கும். அவன்தான் சுர்ட், காமிக்ஸில் சர்ட்டர். உலகை எரிக்கும் வாள் தயாராகிறது. 1985இல் 353ஆவது இதழில் மோதல் முடியும்போது ஓடினும் தோரும் லோக்கியும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் அஸ்கார்டுக்காக என்று முழங்குகிறார், ஒருவர் பூமிக்காக என்கிறார், லோக்கி எனக்காக என்கிறான். புராணத்தில் லோக்கி எதிர்ப்படையில் நிற்பான் என்பது தெரிந்த வாசகருக்கு இந்தக் காட்சி இரட்டைச் சுவை. உலகம் பிழைக்கிறது, ஆனால் சும்மா இல்லை, ஓடின் சர்ட்டரோடு சேர்ந்து நெருப்புக்குள் போய்விடுகிறார்.

பாம்புக் கணக்கையும் சைமன்சன் விடவில்லை. 1987இல் வந்த 380ஆவது இதழில் தோரும் பாம்பும் மோதுகிறார்கள். இதழ் முழுவதும் ஒரு பக்கத்துக்கு ஒரே படம்தான், கட்டம் பிரிப்பதே இல்லை. அதற்கு முன்பே மரண தேவி ஹெலா (மூலத்தின் ஹெல்தான்) தோரைச் சபித்திருக்கிறாள், எலும்புகள் கண்ணாடிபோல நொறுங்கும், ஆனாலும் உயிர் போகாது. பாம்பு சாகிறது, தோரின் உடல் கூழாகிறது. ஏட்டில் சொன்ன முன்னறிவிப்பு ஏறக்குறைய பலித்துவிட்டது. சாபமே அவனை உயிரோடு வைத்திருக்கிறது! ஒதுங்கிப்போகும் வழியை முன்கூட்டியே கதைக்குள் விதைத்துவிட்டார் மனுஷன்.

2004இல் வேறொரு எழுத்தாளர் கூட்டணி இந்தத் தலைவலியை நேருக்கு நேர் பார்த்தது. ராக்னராக் இதுவரை பலமுறை நடந்திருக்கிறது, கடவுளர் செத்துச் செத்துப் பிறக்கிறார்கள், அந்தச் சுழற்சியிலிருந்து வரும் சக்தியை மேலே நிழலில் உட்கார்ந்திருக்கும் சிலர் உண்டு வாழ்கிறார்கள் என்று கதை போகிறது. நிழலில் இருப்பவர்கள் யார் என்று யோசித்தால் எனக்குப் பத்திரிகை ஆசிரியர்களும் வாசகர்களும்தான் நினைவுக்கு வருகிறார்கள். புராணத்தில் ஓடின் ஞானத்துக்காக ஒரு கண்ணைக் கொடுத்தான், ஒன்பது இரவு மரத்தில் தொங்கினான். இந்தக் கதையில் தோர் இரண்டு கண்களையும் கொடுத்துவிட்டு அந்தச் சுழற்சியின் இழையை வெட்டி எறிகிறான். தொடர் உண்மையிலேயே நின்றது. 2007 வரைதான். பிறகு அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் வயல்வெளிக்குச் சில அடி உயரத்தில் அஸ்கார்ட் மிதக்க, தோர் மறுபடியும் வந்துவிட்டான்.

புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்கள் 1962 இதழிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். கல் மனிதர் கதையெல்லாம் இன்று படித்தால் சலிக்கும். சைமன்சனின் 337இலிருந்து 382 வரை நேராகப் படியுங்கள், முன்கதை தேவைப்படாது. 353 தாண்டிக் கொஞ்சம் தள்ளி லோக்கி தோரைத் தவளையாக்கிவிடுவான், மூன்று இதழ்களுக்கு நியூயார்க் பூங்காவில் எலிகளோடு தவளைத் தோரின் போர் நடக்கும். சிலர் அதைத் தாண்டிப் போகச் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். மணப்பெண் வேடம் போட்ட தோருக்கு ஆகச் சரியான வாரிசு அந்தத் தவளைதான். பிறகு கிர்பியின் 'அஸ்கார்ட் கதைகள்' தொகுப்பு. தமிழில் லயன்-முத்து காமிக்ஸில் தோர்கல் படித்தவர்கள் இருப்பீர்கள். அது ஐரோப்பியத் தொடர், இந்தத் தோரோடு சம்பந்தமில்லை. ஆனால் ஓடினும் வைக்கிங்குகளும் அதிலும் வருவார்கள், சூப்பர்ஹீரோ உடுப்பு இல்லாத வடக்கு எப்படியிருக்கும் என்று பார்க்க நல்ல துணை. ஸ்னோரியின் நூலுக்கு ஆங்கில மொழிபெயர்ப்புகள் எளிதாகக் கிடைக்கும். முழுவதையும் படிக்கப் பொறுமையில்லை என்றால் தோர் மீன்பிடிக்கப் போய் எருதின் தலையைத் தூண்டிலில் மாட்டி யோர்முன்காண்டைப் பிடிக்கும் பகுதியை மட்டுமாவது தேடிப் படியுங்கள். அடுத்து உடனே 380ஆவது இதழைத் திறங்கள்.